ரெண்டு பெல்லுக்கு ஒரு பதில்

“வால் நானா, இல்ல எனக்குப் பின்னாடி இன்னொருத்தன வெச்சிருக்கியா? அத மட்டும் சொல்லு ப்ரோ!”

பள்ளிகொண்டாவில் ஓர் இட்லிக் கடை வாசலில் ஹேமந்த் போட்ட கத்தலில், ரங்கநாதரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் தேங்காய்ப் பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். காலை ஏழரை மணிக்கே ஒரு சண்டை நடுத்தெருவில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

“உனக்குப் பின்னாடி யாரும் கிடையாது. சும்மா பேஜார் பண்ணாத,” என்றான் இளம்பரிதி.

“அப்ப பெல் அடிக்கிறது யாரு? பெருமாளா?”

“லாரிக்காரன் எவனாவது அடிச்சிருப்பான்.”

“லாரில சைக்கிள் பெல் எவன்யா மாட்டுவான்? வேலூர் தாண்டினதுல இருந்து கேக்குது. நான் நின்னா நிக்குது. நான் ஏறி மிதிச்சா பின்னாடியே வருது. திரும்பிப் பாத்தா ரோடு காலி!”

இளம்பரிதி என்பவன் ‘ஆற அமர’ என்ற பெயரில் சைக்கிள் பயணம் நடத்துபவன். சென்னையில் நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை வேலூரில் சைக்கிளில் ஏற்றி, வழியெல்லாம் நுங்கும் வேர்க்கடலையும் களியும் கருவாட்டுக் குழம்புமாக ஊட்டி, பதினோரு மணிவாக்கில் ஆம்பூரில் பிரியாணிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவான். “மெதுவாகப் போனால்தான் ஊர் நாக்கில் ஒட்டும்” என்று ரீல்ஸில் சொல்வான். பேச்சு நன்றாக வரும். அதில்தான் எல்லோரும் விழுந்தார்கள்.

அந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான சட்டம். முன்னால் போகிறவன் ‘தலை’, கடைசியில் வருகிறவன் ‘வால்’. ஒவ்வொரு திருப்பத்திலும் வால் இரண்டு பெல் அடிப்பான்: எல்லோரும் வந்தாயிற்று, யாரும் பின்தங்கவில்லை. தலை ஒரு பெல் பதில் அடிப்பான்: சரி, கிளம்பு. அந்த ஒரு பெல் வராமல் வால் நகரக் கூடாது. வால் வந்து சேராமல் தலையும் நகரக் கூடாது. பழக்கமில்லாத சாலையில், வழி தெரியாத ஆட்களை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதுதான் கயிறு.

“எனக்கு ஒடம்பு சரியில்ல. பஸ்ஸுல போறேன்,” என்று ஹேமந்த் ஹெல்மெட்டைக் கழற்றி இட்லிக் கடை பெஞ்சில் வைத்தான். வேலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, முப்பத்திரண்டு வயது, மாதாமாதம் மாரத்தான் ஓடுகிறவன்.

சென்னையிலிருந்து வந்த ஏழு பேரும் இட்லியை மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“விடுங்க, நான் வாலா வர்றேன்,” என்றாள் கூடவே சைக்கிளில் வந்திருந்த பூங்குழலி.

பூங்குழலி கணியம்பாடிக்காரி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தரச் சோதனை செய்கிறவள். தையலில் ஒரு நூல் பிசகினாலும் ஜோடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். இன்னும் இருபது நாளில் அவளுக்கும் இளம்பரிதிக்கும் கல்யாணம். ஷூவில் அவ்வளவு பார்த்தவள் மாப்பிள்ளையில் ஏன் பார்க்கவில்லை என்று பிற்பாடு தெருவே கேட்டது. தெரு மட்டும் பார்த்ததா என்ன?

அவளுக்கு ஓர் அண்ணன், பரணிதரன். இளம்பரிதியோடு சேர்ந்து இந்தப் பயணங்களைத் தொடங்கியவன் அவன்தான். எப்போதும் வால். இரண்டு வருடத்துக்கு முன், இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான், திரும்பவில்லை. சாயங்காலம் அவன் செல்லிலிருந்து செய்தி வந்தது: ‘ஒரு பொண்ணோட பெங்களூர் போறேன். என்னத் தேடாதீங்க.’ அதற்குப் பிறகு செல் அணைந்துவிட்டது.

அப்பா சுப்பராயன் போலீசுக்குப் போகவில்லை. ஓடிப்போனவனைத் தேடி ஊர் சிரிக்க வேண்டுமா என்று சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினார். அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவள் நிறம், சாதி, சம்பளம் மூன்றும் எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. பெங்களூரில் மாடி வீடு எடுத்திருக்கிறார்கள் என்றுகூட ஒருவர் பார்த்தது போலச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் போடவில்லை. பத்திரிகை வந்த அன்று பூங்குழலி இரண்டு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்ற ஒன்றைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அந்த இரண்டு வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவன் இளம்பரிதி.

மாதனூர் தாண்டும் வரைக்கும் அவளுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் நெடுஞ்சாலையில் டேங்கர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. போலீஸ்காரர் எல்லா வண்டியையும் இடதுபக்கம், பாலாற்றங்கரை மண் சாலைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், சைக்கிள் மட்டும் சார். ஓரமா தள்ளிக்கினு போய்டறோம்,” என்று இளம்பரிதி கெஞ்சினான்.

“கெமிக்கல்பா. மூஞ்சி வெந்துடும். அந்தப் பக்கம் போ.”

“வேற வழி?”

“ஏன், அந்த வழிக்கு இன்னா கேடு?”

பூங்குழலி பக்கத்தில் வந்து, “இந்த வழி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“இந்தப் பக்கமே நான் வந்ததில்ல,” என்றான்.

கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பலகை எதுவும் இல்லை. அவன் நிற்கவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. லாரியும் காரும் இடதுபக்க அகலச் சாலையில் போக, அவன் சட்டென்று வலதுபக்கக் குறுக்குச் சாலையில் திரும்பினான். ஆற அமரப் போகச் சொல்லி ஊருக்கே பாடம் எடுக்கிறவன், பெடலில் எழுந்து நின்று மிதித்தான்.

பூங்குழலி அதைப் பார்த்தாள். நூல் பிசகுகிற இடம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

மணி பதினொன்று இருக்கும். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லாத சாலை. ஒரு பக்கம் தண்ணீர் பார்த்துப் பல மாதமான ஆற்று மணல், மறுபக்கம் சீமைக் கருவேலம். காற்று அசையவில்லை. சாலையை ஒட்டி, வழக்கு ஒன்றில் மூடிப் பல வருடமான டேனரி, தோல் பதனிடும் ஆலை; தகரக் கூரை பாதி விழுந்து, கேட்டின் ஒரு கதவு சாய்ந்து கிடந்தது. மூடிய டேனரிக்கு வாசனை இருக்கக் கூடாது. வெயில் எட்டு வருடமாகக் காய்ச்சிய இடம்.

ஆனால் அதைத் தாண்டும்போது அவள் மூக்கில் ஏறியது ஈரத் தோலின் வாடை. இப்போதுதான் சுண்ணாம்புத் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டது போல, தொண்டையை அரிக்கிற பச்சை வாடை.

அப்போது பின்னால் பெல் அடித்தது.

இரண்டு முறை.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். ஏனென்றால் அந்த பெல்லை அவளுக்குத் தெரியும். பழைய பால்காரர் சைக்கிளிலிருந்து கழற்றி அண்ணன் மாட்டிய பித்தளை பெல். மூடியில் ஒரு விரிசல். அடித்தால் ஓசை முடியும் இடத்தில் கரகரவென்று தேயும். பெங்களூரிலிருந்து வந்துவிட்டான், ஹேமந்தைக் கலாய்த்தது போதாதென்று என்னையும் கலாய்க்கிறான். இறங்கி, நாலு அறை விட்டு, அப்புறம் அழலாம் என்று பிரேக்கைப் பிடித்துத் திரும்பினாள்.

சாலை காலியாக இருந்தது.

புழுதியில் முன்னால் போனவர்களின் தடங்களுக்கு மேல் அவளுடைய டயர் தடம் நேராக வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடம்.

அது ஈரமாக இருந்தது.

வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்த டயர் உருண்டது போல. டேனரி கேட்டிலிருந்து தொடங்கி, அவள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றிருந்தது. அந்த வெயிலில் அது காயவில்லை.

அவள் முன்னால் பார்த்தாள். ஏழு பேருக்கும் அப்பால் இளம்பரிதியின் முதுகு. அவனுக்கும் கேட்டிருக்கிறது. தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிற மாடு மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான்.

பதில் பெல் அடிக்கவில்லை.

ஆம்பூரில் ஜியாவுல்லா பாயின் பிரியாணிக் கடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சென்னைக்காரர்கள் பிரியாணியையும் கத்தரிக்காய்த் தொக்கையும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். சீரகச் சம்பா மணம் கடையை நிறைத்தது. அவளுக்கு மட்டும் மூக்கில் தோல் வாடை போகவில்லை.

மொத்தம் ஒன்பது பேர். பாய் பத்துத் தட்டு வைத்தார்.

“ஒண்ணு ஜாஸ்தி பாய்,” என்றாள்.

“இன்னாம்மா ஜாஸ்தி? வெளிய ஒருத்தர் நிக்கிறாரே, உங்க ஆளு. உங்க வழக்கம் எனக்குத் தெரியாதா? வால் சாப்புடாம நீங்க எந்திரிக்க மாட்டீங்களே.”

இளம்பரிதியின் கை தட்டில் அப்படியே நின்றது.

“நான்தான் பாய் இன்னிக்கு வால்,” என்று பூங்குழலி மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப அவரு?” பாய் வாசலை எட்டிப் பார்த்தார். “இப்பதாம்மா பேசினேன். உள்ள வாங்கன்னு கூப்ட்டேன், வர மாட்டேன்னுட்டாரு. குனிஞ்சே நின்னாரு, மூஞ்சி தெரியல. கால் முட்டி வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. பெயிண்டு வேலை பாத்துட்டு வர்றாரோன்னு நெனச்சேன்.”

“என்ன சொன்னாரு?”

பாய் குரலைத் தாழ்த்தினார். ஏன் தாழ்த்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“‘ரெண்டு பெல் அடிச்சேன். பதில் வர்ல’ன்னாரும்மா.”

பூங்குழலி எழுந்து வாசலுக்குப் போனாள். கடைவாசல் சிமெண்டில் வெள்ளைக் கோடு ஒன்று வந்து, திரும்பி, ஆற்றுப் பக்கம் போயிருந்தது. அதன்மேலேயே ஸ்கூட்டர்கள் ஓடின, ஆட்டோ ஓடியது. ஒரு சக்கரமும் அதை அழிக்கவில்லை. அவள் சைக்கிளை எடுத்தாள்.

“பூங்குழலி! எங்க போற? ஏய், நில்லு!”

எச்சில் கையோடு இளம்பரிதி ஓடிவந்து தன் சைக்கிளில் ஏறினான். நாலு கிலோமீட்டர் தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கோடு போன வழியே போனாள். டேனரி கேட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே ஓர் அகலமான வெட்டவெளி. காய்ந்து வெடித்த சாம்பல் நிற மண், அதன்மேல் திட்டுத் திட்டாகப் புல். ஓர் ஆடு மேய்ந்தால்கூட ஆச்சரியப்படத் தோன்றாத சாதாரணத் தரை. வெள்ளைக் கோடு அதன்மேல் ஏறி, நட்டநடுவில் போய் முடிந்திருந்தது.

அவள் காலைத் தூக்கினாள்.

“வெக்காத! அது தரையில்ல!” பின்னாலிருந்து இளம்பரிதி அலறினான். “கழிவுத் தொட்டி அது! மேலதான் காஞ்சிருக்கும், கால வெச்சா அப்படியே உள்ள இழுத்துக்கும்!”

அவள் காலை மெதுவாகப் பின்னால் எடுத்தாள். திரும்பினாள்.

இந்தப் பக்கமே வந்ததில்லை என்றவன், கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது.

அதுவரை அவனை ‘நீங்க’ என்றே பேசி வந்தவள் கேட்டாள்:

“உனக்கு எப்படித் தெரியும்?”

“குழலி, வெளிய வா. பேசலாம்.”

“இங்கயே பேசு.”

அவன் உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து வந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது.

“வீடியோவுக்கு டிரோன் விட்டேன். இங்க வந்து விழுந்துடுச்சு. நான்தான் போய் எடுத்துட்டு வாடான்னேன். புல்லு இருந்துச்சு, மாடு போற எடம்னு நெனச்சேன்… ரெண்டு எட்டுதான் வெச்சான்.”

“அப்புறம்?”

“கூப்பிட்டேன். பத்து நிமிஷம் கூப்பிட்டேன்.”

“அப்புறம்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மத்தவங்க ரோட்டுல நின்னுட்டு இருந்தாங்க. பிரியாணி ஆறிடும், போலாமான்னு கேட்டாங்க.”

பூங்குழலிக்கு அந்த வாக்கியம் உள்ளே இறங்க நேரமானது.

“போலாம்னியா?”

“வயித்து வலின்னு வீட்டுக்குப் போய்ட்டான்னு சொன்னேன்.”

“செல்லு?”

“சைக்கிள் பையில இருந்துச்சு. லாக் நம்பர் எனக்குத் தெரியும். அப்பால வந்து சைக்கிள உள்ள தள்ளிட்டேன்.”

“அந்த மெசேஜ்?”

அவன் கேட்டுக் கம்பியின் துருவைச் சுரண்டினான்.

“கேக்கறேன்ல. அந்தப் பொண்ணு?”

“நீங்கல்லாம் தேடுவீங்க. ஒரு பதில் தெரிஞ்சா தேட மாட்டீங்கன்னுதான்…”

இரண்டு வருடம். அம்மா பாக்யலட்சுமி அந்த இல்லாத பெண்ணுக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெற்ற பிள்ளையின் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாதென்றார். இவள், தங்கை, மறக்க முயன்றாள். மறக்க உதவினவன் இவன். அவள் கண்ணீரைத் துடைத்த விரல்தான் அந்தச் செய்தியைத் தட்டியது. அண்ணன் இங்கே, அவள் வேலைக்கு வந்து போகிற ஆம்பூருக்கு நாலு கிலோமீட்டரில், பதில் பெல்லுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

புல்லுக்கு அடியில் எங்கேயோ பெல் அடித்தது.

இரண்டு முறை. ஓசை முடியும் இடத்தில் கரகரவென்று தேய்ந்தது.

“பதில் அடி,” என்றாள்.

“வேணாம், குழலி.”

“நீதானே தலை? அடி.”

அவன் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு தலையை ஆட்டினான்.

மறுபடி பெல்.

இந்த முறை கொஞ்சம் பக்கத்தில்.

பூங்குழலி கேட்டுக்குப் போனாள். விழுந்து கிடந்த தன் சைக்கிளை நிமிர்த்தினாள். கட்டைவிரலை பெல்லில் வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

ணிங்.

சரி, கிளம்பு என்று அர்த்தம். அழுதுகொண்டே அடித்தவள், அதற்கு அதுதான் அர்த்தம் என்பதை ஒரு நொடி கழித்துத்தான் நினைத்தாள்.

தொட்டியின் நடுவில் மண் மெதுவாகப் பொங்கித் தணிந்தது. காய்ந்த தரையில், யாரும் இல்லாமல், ஈரமான வெள்ளைக் கோடு ஒன்று நீள ஆரம்பித்தது. கரையேறியது. ஒரு குழந்தை சாக்பீஸால் இழுப்பது போல அவ்வளவு நிதானமாக வந்தது. அவள் காலருகே வந்தபோது கொஞ்சம் வளைந்தது. தங்கையை இடிக்காமல் ஒதுங்கிப் போகிற சைக்கிள் போல.

அவளைத் தாண்டியது.

கேட்டருகே இருந்த இளம்பரிதியின் சைக்கிளுக்குப் பின்னால், ஒரு முழம் இடைவெளி விட்டு, நின்றது.

தலை எங்கே போனாலும் வால் பின்னால் வர வேண்டும்.

அவன் சைக்கிளைத் தொடவே இல்லை. ஓடினான். கோடு, அவசரமே இல்லாமல், அவனுக்குப் பின்னால் திரும்பியது.

பூங்குழலி போலீசில் சொல்ல, தீயணைப்பு வண்டி மூன்று நாள் தொட்டியை இறைத்தது. பரணிதரனையும் சைக்கிளையும் எடுத்தார்கள். பெங்களூர் மாடி வீட்டைப் பார்த்தவர் உட்படத் தெருவே அடக்கத்துக்குப் போனது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுப்பராயன் கழற்றிய போட்டோவை மறுபடி மாட்ட ஆணி தேடி, கிடைக்காமல், வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

ஹேமந்த் சைக்கிளை விற்றுவிட்டு, சென்னையில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். பூங்குழலி ராணிப்பேட்டைப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறி, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வரன் வந்தால் மாப்பிள்ளையின் செல்லை வாங்கிப் பார்க்கிறாளாம். பார்க்கட்டும்.

இளம்பரிதி ஜாமீனில் வந்தான். வழக்கு நடந்துகொண்டிருக்க, அவன் வீட்டார் ஓசூருக்குக் குடிபோய், தை மாதமே கிருஷ்ணகிரியில் நந்தினி என்று ஒரு நல்ல பெண்ணைப் பார்த்து முடித்தும் விட்டார்கள். ஆம்பிளைப் பிள்ளைக்கு எதுவும் நிற்காது.

நந்தினி மூன்று மாதம் இருந்தாள். போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் அடித்தாரா, குடித்தாரா என்று கேட்டதற்கு இல்லை என்றாளாம். அம்மாவிடம் இவ்வளவுதான் கேட்டாளாம்:

“தெனமும் அவரு வேலைலருந்து வந்ததும், பின்கட்டுக் குழாய்ல யாரோ கால் கழுவுறாங்கம்மா. விடியற வரைக்கும் கழுவுறாங்க. காலைல போய்ப் பாத்தா தரையெல்லாம் வெள்ளையா இருக்கு. யாரும்மா அது?”